கூறப்படுகிறது: கூறியவரைத் தேடி ஓர் ஆய்வு

ஆங்கில இலக்கணப் பாடத்தில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சியை எழுதியவர்கள் அனைவருமே ஓர் ஆள் கடத்தலுக்கு உடந்தை. ‘பீப்பிள் சே தட் ஹீ இஸ் ரிச்’ என்று கொடுப்பார்கள். ‘இட் இஸ் செட் தட் ஹீ இஸ் ரிச்’ என்று மாற்றினால் முழு மதிப்பெண். முதல் வாக்கியத்தில் நின்றுகொண்டிருந்த ஜனங்களை இரண்டாவதில் காணோம். இதுவரை யாரும் புகார் கொடுக்காததால் இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது. (மேற்கொள்பவன் நான்தான். ஆய்வுக் கட்டுரையில் ‘நான்’ என்று எழுதினால் கட்டுரையின் கனம் குறைந்துவிடும் எனக் கருதப்படுகிறது.)

முதல் சந்தேகம் ‘இட்’ மீதுதான் விழும். விசாரித்ததில் அவர் அப்பாவி. மழை பெய்தாலும் அவரைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். மணி ஐந்தானாலும் அவரைத்தான். எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது என்பதால், ஆள் கிடைக்காத இடங்களில் கொலு பொம்மை போல உட்கார வைக்கப்படுபவர் அவர். ஒன்றும் கூறும் நிலையில் அவர் இல்லை.

அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் விபரீதமாகிறது. ‘ஹீ இஸ் செட் டு பி ரிச்’ என்று இன்னொரு வடிவம் உண்டு. யாரைப் பற்றிய பேச்சோ அந்த மனிதரே எழுவாய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தன்னைப் பற்றித் தானே புரளி கிளப்பியவர் மாதிரி. சரி, இதைத் திரும்பவும் செய்வினையாக்கி ஆளைப் பிடித்துவிடலாம் என்று பார்த்தால், ‘தே சே ஹிம் டு பி ரிச்’ என்பதை ஆங்கிலம் ஏற்பதில்லை. இத்தனைக்கும் ‘பிலீவ்’ வினைக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ‘தே பிலீவ் ஹிம் டு பி ரிச்’ என்றால் எந்த ஆசிரியரும் சிவப்பு மை எடுக்கமாட்டார். ‘சே’ மட்டும் உள்ளே போனால் வெளியே வராது. ‘ரூமர்’, ‘ரெப்யூட்’ என்னும் வினைகளின் கதை இதைவிட மோசம். இன்றைய ஆங்கிலத்தில் அவை ஏறக்குறைய முழுக்கச் செயப்பாட்டிலேயே குடியிருக்கின்றன. ஒருவரைப் பற்றி ‘ரூமர்டு’ என்று எழுதலாம். ‘நான் இவரை ரூமர் செய்கிறேன்’ என்று ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் வழியில்லை. வதந்திக்குத் தகப்பன் பெயர் கேட்கக்கூடாது என்பதை ஒரு மொழி இலக்கணமாகவே வைத்திருக்கிறது. அந்த மொழியில்தான் நாம் கல்யாண அழைப்பிதழ் அச்சடித்துக் கொடுக்கிறோம்.

கூறியவர் வெறும் வாய் மட்டும் அல்லர். அவருக்கு மனமும் உண்டு. நம்புகிறார், ஐயுறுகிறார், அஞ்சுகிறார். படகு கவிழ்ந்தால் ‘இருபது பேர் ஃபியர்டு டெட்’ என்று தலைப்பு வரும். அஞ்சுவது யார்? தலைப்பைப் போட்ட துணையாசிரியர் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். அலுவலகச் சுற்றறிக்கையின் கடைசி வரியில் ‘இட் இஸ் ஹோப்டு’ என ஒத்துழைப்பு எதிர்பார்க்கப்படும்; எதிர்பார்ப்பவர் அந்தக் கட்டடத்தில் இருக்கமாட்டார். ஆனால் பிரிட்டிஷ் பத்திரிகைகளின் ‘இட் இஸ் அண்டர்ஸ்டுட்’ தனி ரகம். அங்கே யாரும் எதையும் உட்கார்ந்து புரிந்துகொள்வதில்லை. விஷயம் தெரிந்த ஒருவர், ‘என் பேரைப் போட்டுடாதீங்க’ என்று நிருபரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று பொருள். ஆகவே இந்த வகையில் மட்டும் கூறியவர் நிஜமாகவே உண்டு, ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறார்.

அவரை நேரில் பார்த்தவர் உண்டா என்றால், ஷேக்ஸ்பியர் பார்த்திருக்கிறார். ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கிவைக்கும் பாத்திரமே வதந்திதான். உடம்பெல்லாம் நாக்குகள் வரைந்த உடையில் மேடைக்கு வருகிறது. கிரேக்கத்தின் ஹெரோடோட்டஸ் இன்னும் நேர்மை. சொல்லப்படுவதைச் சொல்வது என் கடமை, அத்தனையையும் நம்புவது என் கடமையல்ல என்று தம் வரலாற்று நூலிலேயே கைகழுவிவிட்டார். நம் தொல்காப்பியரோ எழுத்ததிகாரத்தின் முதல் நூற்பாவிலேயே ‘எனப்படுப’ என்று செயப்பாட்டில் தொடங்கி ‘என்ப’வுக்கு வந்துவிடுகிறார். ஆனால் அவருடைய ‘என்ப’வில் குறைந்தபட்சம் பலர்பால் விகுதியாவது இருக்கிறது, மனிதர்கள் சொன்னார்கள் என்ற அளவுக்குத் தடயம் கிடைக்கிறது. பல இடங்களில் ‘என்மனார் புலவர்’ என்று தொழிலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். பேச்சுத் தமிழ் இவ்வளவு சிரமப்படுவதே இல்லை. வாக்கியத்தின் வாலில் ஓர் ‘ஆம்’ ஒட்டினால் போதும்: வந்தானாம், வாங்கினானாம், ஏமாந்தானாம். ஆங்கிலம் நான்கு சொற்களில் செய்கிற தப்பித்தலை ஒரே அசையில் முடித்துவிடுவது நம் திண்ணைகளின் சாதனை.

இந்தத் துறையில் இதுவரை வந்த சிறந்த ஆய்வு, உலோகவியல் இதழில் வந்தது. 1957இல் ‘மெட்டல் புராக்ரஸ்’ இதழில் சி. டி. கிரஹாம் என்பவர் ஆராய்ச்சிக் கட்டுரைச் சொற்றொடர்களுக்கு ஓர் அகராதி வெளியிட்டார். ‘நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது’ என்றால், மூலக் கட்டுரையைத் தேட எனக்குச் சோம்பல். ‘நம்பப்படுகிறது’ என்றால், நான் நினைக்கிறேன். ‘பரவலாக நம்பப்படுகிறது’ என்றால், என்னைத் தவிர இன்னும் ஓரிருவரும் அப்படி நினைக்கிறார்கள். கடத்தப்பட்ட ஜனங்கள் மொத்தம் மூன்று பேர்தான், அதில் ஒருவர் கட்டுரையாளரே என்று இதன்மூலம் நிறுவப்படுகிறது.

செயப்பாட்டுவினையைத் தவிருங்கள் என்று 1946இல் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கட்டுரையில் விதியே போட்டார். அரசியலும் ஆங்கில மொழியும் பற்றிய அந்தப் புகழ்பெற்ற கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ‘பொதுவாகக் கருதப்படுகிறது’ வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்காக ஆர்வெலைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஊரார் எண்ணத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஊராரை ஒவ்வொருவராகக் கூப்பிட முடியாது. அவரும்தான் என்ன செய்வார்? தவறு வடிவத்தில் இல்லை. ஒருவர் மட்டும் நினைத்ததை ஊர் தலையில் கட்டும்போதுதான் தகராறு.

அந்தத் தகராறு கோர்ட்டுக்குப் போனால் இலக்கணம் செல்லாது. லூயிஸ் எதிர் டெய்லி டெலிகிராஃப் என்ற பிரிட்டிஷ் அவதூறு வழக்கில் டெவ்லின் பிரபு இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: அவதூறுக்கு முன்னால் ‘எனக்குச் சொன்னார்கள்’, ‘வதந்தி உலவுகிறது’ என்று ஒரு முன்னொட்டை நிறுத்திவைத்துப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. வதந்தியைத் திருப்பிச் சொன்னவரும் அதைச் சொன்னவர்தான்.

வக்கீல் நோட்டீசும் ‘இட்’ பெயருக்குப் போவதில்லை. அது போகும் முகவரி எல்லாச் செய்தித்தாள்களிலும் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் இருக்கிறது. அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இல்லாமல் இதழ் வெளிவரக்கூடாது என்று நம் நாட்டின் 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வெள்ளைக்காரன் எழுதிவைத்தான். அந்த வரியும் செயப்பாட்டுவினையில்தான் இருக்கும்: அச்சிடப்பட்டு, வெளியிடப்பட்டது. ஆனால் அங்கே மட்டும் இன்னார் ‘ஆல்’ என்று வேற்றுமை உருபு மறக்காமல் போட்டிருப்பார்கள்.