கண்ணாடித் தொட்டியில் ஒரு பசுந்தரை

திருவொற்றியூரில் குடியிருப்பவனுக்கு நீரின்மீதும் மீனின்மீதும் புதிதாக மோகம் பிறக்க நியாயமே இல்லை. கிழக்கே நாலு தெரு கடந்தால் வங்காள விரிகுடா. தெற்கே காசிமேட்டில் விடியுமுன் ஏலத்துக்கு வந்து குவிகிற வஞ்சிரமும் சங்கராவும். வடக்கே எண்ணூர்க் கழிமுகம். இப்படி மூன்று திக்கிலும் ஜலமும் மச்சமும் நிறைந்திருக்க, அவற்றைக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துக் கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது புத்தி ஸ்வாதீனமுள்ளவன் செய்கிற காரியமா என்று, வாசலுக்குக் கூடை சுமந்து வரும் மீன்காரம்மாள் ஐயுற்றதில் தவறொன்றும் இல்லை.

"இன்னா சார், கட்ட வெரலு நீளங்கூட இல்ல. கொழம்புக்கும் ஆவாது, வறுக்கவும் ஆவாது. இதுக்கு லைட்டு வேறயா?" என்றாள்.

லைட்டு மீனுக்காக அன்று, மீனுக்குக் கீழே மணலில் முளைக்க வேண்டிய செடிக்காக என்று நான் விளக்கினேன். அதைக் கேட்டு அவள் மேற்கொண்டு ஒன்றும் பேசாமல், மத்தி மீனில் நாலைந்து கூடுதலாக அள்ளிப் போட்டுவிட்டுப் போனாள். அது வியாபார தந்திரமன்று, இரக்கம்தான் என்றே கருதுகிறேன்.

தொட்டியில் செடி வைப்பது வெறும் அலங்காரத்துக்காக ஏற்பட்ட வழக்கமும் அன்று. 1850-ஆம் ஆண்டில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன சாஸ்திரி, தங்க மீன்களையும் வேலம்பாசி இனத்துச் செடியையும் நத்தைகளையும் ஒரே பாத்திரத்தில் குடியேற்றி, மீன் விடும் மூச்சைச் செடி வாங்கிக்கொள்ள, செடி விடும் பிராணவாயுவை மீன் வாங்கிக்கொள்ள, அழுகிய இலையை நத்தை தின்று தீர்க்க, மூவரும் பரஸ்பர சகாயத்தால் சௌக்கியமாக ஜீவிக்கக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அந்த மட்டில் விஷயம் நின்றிருந்தால் எனக்கு யாதொரு உபத்திரவமும் நேர்ந்திராது. பின்னர் ஜப்பானில் நிகாட்டாப் பிரதேசத்தைச் சேர்ந்த தகாஷி அமானோ என்பவர், முதலில் சைக்கிள் பந்தய வீரராகவும் பிறகு புகைப்படக் கலைஞராகவும் இருந்தவர், தொட்டியின் முன்பகுதி முழுவதும் ஓரங்குலச் செடிகளைத் தரைவிரிப்பாகப் படரவிட்டு, நீருக்கடியில் மலையடிவாரத்துப் புல்வெளியையே சிருஷ்டித்து, அதைப் படமும் எடுத்து வெளியிட்டுவிட்டார். 2015-இல் அவர் காலமானார். அவர் மூட்டிய ஆசை காலமாகவில்லை.

இந்த முன்வரிசைச் செடிகளின் ஸ்வபாவம் விசித்திரமானது. பின்வரிசையில் நிற்கும் நெட்டைச் செடிகள் கிடைத்ததைத் தின்று, கிடைத்த வெளிச்சத்தில் வளர்ந்துவிடும். தரையோடு தரையாகக் கிடக்கும் குட்டைச் செடிக்கோ தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்குரிய உபசாரம் அத்தனையும் குறைவின்றி நடந்தாக வேண்டும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைனி பார்வா என்ற குட்டிச் செடி ஒன்றுண்டு. சேம்புக் குடும்பத்தில் பிறந்த அது, ஒரு புதிய இலையை விடுவதற்குள் எடுத்துக்கொள்ளும் அவகாசத்தில் நம்மவர் ஒரு வழக்கையே நடத்தி முடித்துவிடலாம்.

முதலில் நீர். அளவுமீறி இறைத்ததால் கடல் உட்புகுந்துவிட்ட மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த உப்புக்குப் பரிகாரமாக 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டு, மகா அழுத்தத்தில் சவ்வுகளின் ஊடே கடலைப் பிழிந்து உப்பை வடித்து, வட சென்னைக்கு அனுப்புகிறார்கள். அத்தனை பிரயாசையுடன் உப்பு நீக்கப்பட்டு வந்த நீரில் செடிக்குப் போதிய தாதுப் பொருள் இல்லையென்று, எப்சம் உப்பையும் பொட்டாசியம் உப்பையும் தேக்கரண்டியால் அளந்து நான் மறுபடியும் போடுகிறேன். விஞ்ஞானம் ஒரு பக்கம் எடுப்பதை இன்னொரு பக்கம் போடுவதற்கு ஒருவன் வேண்டும்போலும்.

அடுத்தது கரிவாயு. காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். காற்றோடு மட்டும் உறவாடும் நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. தரைவிரிப்பை விரும்புவோர் நாடுவதோ 30 மில்லிகிராம். ஆகவே சிலிண்டரில் அடைத்த கரிவாயுவை விலைக்கு வாங்கி, குமிழ் குமிழாகத் தொட்டிக்குள் விட வேண்டும். நான் சிலிண்டர் வாங்கிவரப் போன பாதையில் நின்று வடக்கே பார்த்தால், அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அவை அல்லும் பகலும் அதே கரிவாயுவை, எவரிடமும் சல்லிக்காசு வாங்காமல், எங்கள் பேட்டை முழுவதற்கும் விநியோகித்துக்கொண்டிருக்கின்றன. வேறெந்த விஷயத்திலும் அவற்றின் தாராளத்தை நான் வேண்டியதில்லை. இந்த ஒன்றில் வேண்டியும், அந்த வாயு என் தொட்டிக்குள் மட்டும் நுழைய மறுக்கிறது.

சிலிண்டர் தீர்ந்த ஒரு சமயம், சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் கலந்து புளிக்கவைத்துக் கரிவாயு உண்டாக்கும் சுதேசி முறையைக் கையாண்டேன். சித்தாந்தம் பழுதற்றதே. ஆனால் சர்க்கரை புளித்தால் கரிவாயு மட்டும் வருவதில்லை. கூடவே சாராயமும் வருகிறது. அதன் வாசனை சமையலறையைத் தாண்டி மாடிப்படி வரையில் வியாபித்ததும், அதுகாறும் என்னோடு முகம் கொடுத்துப் பேசாத மேல்வீட்டுக்காரர் திடீரென்று அத்தியந்த சிநேகிதராகி, மாலை வேளைகளில் "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று வரத் தொடங்கினார். அவர் பார்த்தது செடியை அல்ல.

கியூபாவைப் பூர்வீகமாகக் கொண்ட, கடுகத்தனை இலை விடும் செடியொன்று சித்திரை வெயிலில் என் தொட்டி நீர் சூடேறிய வாரத்திலேயே பரமபதம் அடைந்தது. கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் நெருங்கிய தெருவொன்றில், விவரம் தெரிந்த கடைக்காரர் ஒருவர், "சார், நம்ம ஊரு சூட்டுக்கு மார்சீலியாதான். கார்ப்பெட் மாதிரி ஓடிடும்" என்று சொல்லி, டிஷ்யூ கல்ச்சர் கப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மூடியைத் திறந்தால், நிறமற்ற கூழின்மேல் நாலிதழ்ப் பசுந்தளிர்கள் நெருக்கமாக நின்றன. விலையைக் கேட்டு நான் சிறிது நேரம் கடையின் கூரையை ஆராய்ந்தேன்.

அன்றைக்குப் பொன்னேரியிலிருந்து என் அத்தை வந்திருந்தாள். கப்பை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தவள், "ஏண்டா கண்ணு, ஆரக்கீரைய எதுக்குடா டப்பாவுல போட்டு மூடி வெச்சிருக்கானுங்க?" என்றாள்.

அவள் சொன்னது மெய். வயல் வரப்பிலும் குளக்கரையிலும் மண்டிக் கிடக்கிற ஆரை, பூவாத பெரணி வகையைச் சேர்ந்த மார்சீலியாவேதான். கடைக்காரர் விற்றது அதன் தாயாதி. ஏரி வற்றினால் தன் வித்துக்களைக் கெட்டியான உறைக்குள் பூட்டி வருஷக்கணக்காகச் சேற்றில் காத்திருக்கும் பிராணி அது. இதன் ஆஸ்திரேலிய உறவு ஒன்றின் வித்துறையை அந்நாட்டுப் பூர்வகுடிகள் பக்குவமறிந்து வறுத்து அரைத்து உண்டார்கள். பக்குவமறியாமல் உண்ட பர்க், வில்ஸ் என்ற இரு யாத்திரிகர் 1861-இல் பாலைவனத்து ஓடைக்கரையில் மெலிந்து மாண்டதற்கு, அதிலிருந்த ஒரு பொருள் உடம்பின் பி1 உயிர்ச்சத்தை அழித்ததும் ஒரு காரணம் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. அத்தைக்கு இந்தச் சரித்திரத்தைச் சொன்னேன். "அவனுங்களுக்கு ஆக்கித் தர ஒரு பொம்பள இல்லபோல" என்று முடித்துவிட்டாள்.

கூழைக் கழுவி, ஒவ்வொரு தளிராகப் பிரித்து, நீண்ட இடுக்கியால் மணலில் நட்டேன். நட்டதில் பாதியை, மணலைக் கிளறியே ஜீவனம் நடத்தும் மீன்கள் ராத்திரியில் மிதக்கவிட்டன. விடிந்ததும் மறுபடி நட்டேன். நீருக்குள் போன ஆரை தன் நாலிதழ்களைக் கைவிட்டு, ஒற்றை இதழாகக் குட்டையாக முளைத்து, மணலுக்கடியில் கொடியோட்டி, மெதுவாக முன்புறமெங்கும் படர்ந்தது. அமானோவின் புல்வெளி என்று சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகும் அவசரத்தில் ஓரக்கண்ணால் பார்த்தால், அப்படித் தோன்றவும் கூடும்.

அடுத்த தடவை வந்தபோது அத்தை ஒரு சாக்குப் பையைக் கூடத்தில் கவிழ்த்தாள். எங்கள் தொட்டியைப் போல் பத்துத் தொட்டிகளை நிரப்பக்கூடிய ஆரை, வரப்புச் சேறோடு, தரையில் விழுந்தது. பாதியை ஆய்ந்து பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாள். மீதியைச் சணல் கயிற்றால் சிறு சிறு கட்டாகக் கட்டி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டே, டப்பாவுக்கு நான் கொடுத்த விலையை மறுபடி ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு, "நாளைக்கு அந்தக் கொளத்தூர்க்காரன் கடைக்கு என்னையும் இட்டுக்கினு போ" என்றாள்.