பாஸும் ஆசனமும்

1985-ஆம் ஆண்டில், ஷெங்கன் கிராமத்தருகே மோசெல் நதியில் நின்ற படகொன்றில் ஐந்து ஐரோப்பிய தேசத்துப் பிரதிநிதிகள் கூடி, தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் படிப்படியாக ஒழிப்பதென்று கையொப்பமிட்டபோது, ரயில்வே குமாஸ்தாக்களை மட்டும் கரையிலேயே விட்டுவிட்டார்கள் போலும். எல்லையில் பெரும்பாலும் பாஸ்போர்ட்டை எவரும் கேளாத அந்தப் பூமியில், பல தேசத்து ரயில்களிலும் ஏற உதவும் யூரெயில் பாஸ் ஒன்றைக் கணிசமான திரவியம் கொடுத்து வாங்கி, இனிச் சகல துன்பமும் தீர்ந்ததென்று நம்பிப் புறப்படும் புண்ணியாத்மா, பிரான்ஸின் டி.ஜி.வி., ஸ்பெயினின் ஏ.வி.இ. ஆகிய அதிவேக வண்டிகளில் ஏறுவதற்கு ஆசனக் கட்டணம் வேறு செலுத்தவேண்டும் என்று அறியும்போது, விருந்துக்கு அழைத்துவிட்டு இலைக்குக் காசு கேட்கும் சம்பந்தியைக் கண்டவர்போல் திகைக்கிறார். ஜெர்மனியில் பெரும்பாலும் இந்த உபத்திரவம் இல்லை. முன்பதிவின்றியே ஏறிக்கொள்ளலாம், வண்டி வந்தால்.