பத்து வாட்டும் பானை மூடியும்

லக்கலப் பக்கம் போனால் என் பெயர் மல்லி. சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரு காணிக்காரரை நான் 'அய்யா' என்று கூப்பிடுவேன். அங்கே அது அண்ணன். பக்கத்தில் நின்று கேட்கும் தமிழனுக்கு மட்டும், கொத்தமல்லி யாவாரி ஒருத்தன் முதலாளியிடம் கைகட்டிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

அய்யாவின் பழைய வயல் களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. பதிலுக்குக் கிடைத்த காணியில் நெல் போட்டிருக்கிறார். ராவானால் பன்றி வருகிறது. சில நாள் வஸ்கமுவப் பக்கமிருந்து யானையும். மரத்தின் மேல் கட்டியிருக்கும் காவல் குடிலுக்கு வெளிச்சம் வேண்டும் என்றார். என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளைக்கு 13 மணி நேரம்கூடக் கரண்ட் போனபோது, ரத்தோட்டையில் எங்கள் வீட்டில் வெளிச்சம் இருந்தது. ஒரு பழைய பேட்டரி, ஒரு எல்.இ.டி., அவ்வளவுதான். அன்றைக்கு இஞ்சினியர் ஆனவனால் இன்னும் இறங்க முடியவில்லை.

கொழும்புக்குப் போனபோது புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் மூன்று ரக எல்.இ.டி. வாங்கினேன்: 1 வாட், 3 வாட், 10 வாட். முதல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். 350 மில்லி ஆம்பியர் கொடுத்தால் 1 வாட், 700 கொடுத்தால் 3 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் பெரும்பாலும் உறையில்தான். வாட் என்பது அது சாப்பிடுகிற கணக்கு. செய்கிற வேலைக்கு லூமன் என்று வேறு கணக்கு இருக்கிறது. அதை மலிவுச் சாமானின் உறையில் யாரும் அச்சடிப்பதில்லை.

10 வாட் உறையில் '12 வோல்ட்' என்று இருந்தது. நம்பினேன். உள்ளே ஒன்பது பொட்டுகள், மும்மூன்றாக மூன்று வரிசை. அதற்கு வேண்டியது ஏறக்குறைய ஒன்பதரை வோல்ட், 900 மில்லி ஆம்பியர். முழுசாக ஏறிய பேட்டரி 12.7 வோல்ட். நேரே கொடுத்தேன்.

எல்.இ.டி.க்கு வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டினால் போதும், கரண்ட் எகிறிவிடும். சூடேறினால் இன்னும் குறைந்த வோல்ட்டிலேயே அதே கரண்டை இழுக்கும். அதனால் மேலும் சூடு. வாசலில் ஆள் நின்று எண்ணி விடாத கல்யாணப் பந்தி மாதிரி. முதலில் ஒரு வரிசை கருகியது. மற்ற இரண்டு இலையிலும் அதே அளவில்லாத சோறு. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "விடிஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்டு முடிப்பதற்குள் மறுபடி இருட்டு.

என் தகுதி தெரிந்தே இரண்டு வாங்கியிருந்தேன். இரண்டாவதற்கு, கரண்டை 900இல் பிடித்து நிறுத்தும் டிரைவர் போட்டேன். பழைய குண்டு பல்ப் தன் சூட்டை நாலு பக்கமும் வீசிவிடும், எல்.இ.டி.யின் சூடு முதுகிலேயே தங்கும், அலுமினியம் வைத்து இறக்க வேண்டும். வீட்டில் இருந்த நல்ல அலுமினியம் சோற்றுப் பானை மூடி. இரண்டு துளை, கம்ப்யூட்டருக்குப் பூசும் வெள்ளைப் பசை, இரண்டு ஆணி. பத்து நிமிடம் கழித்து மூடியைத் தொட்டேன். மூன்று எண்ணுவதற்குள் கை தானாக வந்துவிட்டது.

இனி ஒப்பிட வேண்டும். நான் போனில் வெளிச்சம் அளக்கும் ஆப் வைத்திருந்தேன். அம்மா, வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த கண், சுளகில் அரிசியைப் போட்டு உட்கார்ந்தார். 10 வாட்டின் கீழே நாலு கல். மஞ்சள் சாயலான 1 வாட் மூன்றின் கீழே, அதே அரிசியில் இன்னும் ஏழு கல். "பத்து வாட்டுல கல்லும் வெள்ளை, அரிசியும் வெள்ளை. செத்தல் மிளகாயைப் பாரு, சாம்பல் பூத்த மாதிரி." வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல எல்.இ.டி.; மேலே மஞ்சள் பூச்சு. மலிவான குளிர்வெள்ளையில் சிவப்புக்குப் பஞ்சம். நீல எல்.இ.டி.க்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்மாவின் சுளகில் அது எடுபடவில்லை. ஆப் இரண்டு மடங்குக்கு மேல் காட்டிய வித்தியாசமும், கண்ணுக்கு 'கொஞ்சம் கூட'தான்.

கணக்கும் அம்மா பக்கமே சாய்ந்தது. மூன்று 1 வாட்டைத் தொடராகக் கோர்த்தால் 9.6 வோல்ட். மீதியைத் தின்ன ஒரு 8.2 ஓம் ரெசிஸ்டர்: சாம்பல், சிவப்பு, தங்கம். 350 மில்லி ஆம்பியரைச் சுற்றியே ஓடும். பத்து மணி நேரக் காவலுக்கு மூன்றரை ஆம்பியர்-மணி, 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் சரிபாதி. ஈய பேட்டரியை அதற்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையும். 10 வாட் அந்தப் பாதியை நாலு மணி நேரத்தில் குடித்துவிடும்.

ஆனாலும் இரண்டையும் கொண்டுபோனேன். மூடிக்குத் துளை போட்டாயிற்றே. ரிவர்ஸ்டன் ஏறி இறங்கும்வரை பஸ்ஸில் மூடி என் மடியில்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். மூன்று விளக்கின் கீழே அய்யா பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார். 10 வாட்டுக்கு லக்கலப் பூச்சியெல்லாம் வந்ததாம், பன்றி மட்டும் அசரவில்லையாம். அதைக் கழற்றி, பத்திரிகைத் தாளில் சுற்றி, ஆணி இரண்டும் சேர்த்து என் கையில் கொடுத்தார்.

மூடியைத் தரவில்லை. அது குடிலில் கயிற்றில் தொங்கியது, பக்கத்தில் ஒரு கட்டை. அடித்துக் காட்டினார். வயலுக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தடித்து ஓடியது.

"ஹொந்தாய் மல்லி," என்றார் அய்யா. "இன்னும் ஒன்று இருந்தால் கொண்டு வா."