ரெட்டைக்குழல் மிலிட்டரி

பெயரைச் சொல்லிக் கேட்டால் வங்கியில் யாருக்கும் தெரியாது. "மிலிட்டரி எங்க?" என்றால் நகைக்கடன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சாணார்பட்டிப் பாட்டிகூடக் கை காட்டும். மீசை இரண்டு பக்கமும் சம உயரம். ஷூவில் குனிந்து தலை வாரிக்கொள்ளலாம். தோளில் ரெட்டைக்குழல் துப்பாக்கி. பேகம்பூர், நாகல் நகர், பழனி ரோடு என்று திண்டுக்கல்லில் எந்தக் கிளைக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்த்திருப்பீர்கள். ஆள் வேறாக இருக்கலாம், மீசை அதேதான்.

வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி, அப்புறம் எல்லையில் பனி, அதற்கப்புறம் பென்ஷன், கடைசியில் இந்த ஸ்டூல். மேனேஜர் பீகார்ப் பையன், மகன் வயதுதான் இருக்கும். கிளையில் அவனோடு இந்தி பேசக்கூடிய ஒரே ஆள் இவர் என்பதால் உள்ளே தனி மரியாதை. பாட்டி வட்டியைப் பற்றி இரண்டு நிமிஷம் புலம்புவதை இவர் "ஜீ சாப்" சேர்த்து நாலே வார்த்தையில் இந்தியாக்கிவிடுவார். மேனேஜர் கால் மணி நேரம் விளக்கும் வட்டி விகிதம், திரும்பி வரும்போது "கட்டணுமாம் ஆத்தா" என்று ஆகிவிடும்.

துப்பாக்கி ஒரு நாளும் வெடித்ததில்லை. வெடிக்காத துப்பாக்கி எப்படி அழுக்காகும் என்று கேஷியர் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட்டார். "சார், வாசல்ல நின்னா வெயிலு, உள்ள வந்தா ஏ.சி. மாறி மாறிப் பட்டா இரும்பு வேர்க்கும். வேர்த்தா துரு. துருவுக்கு வெடிச்சது, வெடிக்காதது எல்லாம் தெரியாது" என்று மிலிட்டரி ஆரம்பித்தவர், 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக வந்து, பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதச் சாலை அமைத்ததில் போய்த்தான் நின்றார். அவர் பேச்சைக் கேட்டால் அந்தச் சாலையின் கடைசி ஊழியர் இவர்தான் என்று தோன்றும். சொன்ன தகவல் என்னவோ சரிதான்.

வேலை நாளாக வரும் சனிக்கிழமை, ஷட்டர் பாதி இறங்கியதும் துடைப்பு வைபவம். முதலில் தோட்டாக்களை எண்ணி மேனேஜரிடம் கொடுத்து டிராயரில் பூட்டச் சொல்வார். பிறகு "காலி கர்!" என்று தனக்குத்தானே ஆணையிட்டுத் துப்பாக்கியை மடக்கித் திறப்பார். இரண்டு குழலிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். தோட்டா இப்போதுதான் எண்ணப்பட்டது, டிராயரில் இருக்கிறது, சாவி மேனேஜர் பையில். ஆனாலும் பார்ப்பார். சிரிக்கக்கூடாத இடம் இது. துடைக்கும்போது 'காலி' என்று நம்பின துப்பாக்கி சுட்டுச் செத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு.

துடைக்கும் துணிக்குப் பட்டாளத்தில் சிந்தி என்று பெயர். நாலங்குல நீளம், இரண்டங்குல அகலம். எண்ணெய் போடுவதற்கு அகலம் ஒன்றரை. ஸ்கேல் வைத்து வெட்டுவார். சிக்கல் என்னவென்றால் அது ரைபிளுக்கு உண்டான கணக்கு. அவர் சுமந்த ரைபிளின் குழல் 7.62 மில்லிமீட்டர். இங்கே இருப்பதோ பன்னிரண்டு போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு அகலம், பதினெட்டரை மில்லிமீட்டர். அதில் நாலுக்கு இரண்டு சிந்தி கல்யாண மண்டபத்தில் ஒற்றை ஆள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆகவே மடிப்பு சேர்ப்பார். போதவில்லை என்றால் கையில் அகப்பட்ட துணியைச் சேர்ப்பார். விதியையும் மீறக்கூடாது, வேலையும் ஆகவேண்டும் என்றால் மனுஷன் வேறென்ன செய்வார்?

ஒரு சனிக்கிழமை மடிப்பு ஒன்று கூடிப்போயிற்று.

மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் கம்பி. நுனியில் பித்தளைப் பிரஷ், அதன்மேல் துணி. தோட்டா போடும் பக்கத்திலிருந்து விட்டார். ரைபிளுக்கும் அதுதான் முறை. இடது குழலில் சமர்த்தாகப் போன கம்பி, வாய்க்கு நாலு விரற்கடை இருக்கும்போது நின்றுவிட்டது. தள்ளினார், வரவில்லை. இழுத்தார், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கமாக ஒரு திருகு திருகி இழுத்தார். கம்பி வந்தது. பிரஷ் வரவில்லை. இடது பக்கம் திருகினால் மரை கழலும் என்பது அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும், மீசை ஒரு பக்கம் இறங்கியது.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கேஷியர் தேங்காய் எண்ணெய் என்றார். "பிசுக்குப் பிடிக்கும் சார், தலைக்கு வைங்க." பியூன் சுத்தியலோடு வந்தான். நகை மதிப்பீட்டாளர் லென்ஸை மாட்டிக் குழலுக்குள் எட்டிப் பார்த்து, எந்தக் கேரட்டும் சொல்லாமல் நகர்ந்தார். டீ கொண்டுவந்த பையன்தான் உருப்படியாக யோசித்தான்: "ஒரு தோட்டாவைப் போட்டு வெடிச்சா வந்துரும்லண்ணே?"

மிலிட்டரி எழுந்தே நின்றுவிட்டார். "அடேய், குழல்ல அடைப்பு இருக்கும்போது சுட்டா துணி வராதுடா, குழலே பொளந்துரும். பிடிச்சிருக்கவன் கை போயிரும். டீயை வெச்சுட்டு ஓடு!"

பட்டாளத்தில் இதற்கெல்லாம் வழி உண்டு. .303 காலத்துப் புல்த்ரூ கயிற்றில் மூன்று கண்ணி இருக்கும். ஒன்று கம்பி வலைக்கு, ஒன்று சிந்திக்கு. கடைசிக் கண்ணி, கயிறு உள்ளே மாட்டிக்கொண்டால் பிடித்து இழுப்பதற்கென்றே வைத்தது. மாட்டிக்கொள்ளும் என்று கயிறு செய்தவனுக்கே தெரிந்திருக்கிறது. அதற்கு மேலும் வராவிட்டால் ஆர்மரர் பாடு. திண்டுக்கல்லில் ஆர்மரருக்கு எங்கே போவது? பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும் என்கிறது 1959 ஆயுதச் சட்டம். கம்மியர் பட்டறைக்கும் தூக்கிப் போக முடியாது.

நகையைத் திருப்பி வைக்க வந்து உட்கார்ந்திருந்த நல்லாம்பட்டிப் பெரியவர் ஒருவர் அப்போதுதான் எழுந்து வந்தார். பூட்டுப் பட்டறைக்காரர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதை இவர் கையில்தான் நேரில் கொடுத்தார்கள் என்பதுபோல ஒரு நடை.

"தொடாதீங்க பெரியவரே, சட்டம் இருக்கு."

"நான் எங்க தம்பி தொட்டேன்?" என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "முதல்ல அந்தச் சுத்தியலைத் தூரப் போடச் சொல்லுங்க. சிக்குனதை அடிக்கிறவன் தொழில் தெரியாதவன். எந்தப் பக்கமா விட்டீங்க?"

"பின்னாலருந்து. அதான் முறை."

"குழல் கடைசி வரைக்கும் ஒரே அகலமா?"

மிலிட்டரி பதில் சொல்லவில்லை. ரைபிள் குழல் ஒரே அகலம். இந்த ரெட்டைக்குழலில் இடது குழல் வாய்க்குப் பக்கத்தில் கொஞ்சம் சிறுத்திருக்கும், ரவை சிதறாமல் சேர்ந்து போவதற்காக. அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டர். ஒரு மடிப்புத் துணிக்கு அது போதும்.

"வாய் சிறுத்த செம்புக்குள்ள கையை விட்டு மூடிக்கிட்டா வெளிய வருமா? போன வழியே திருப்பி அனுப்புங்க தம்பி. எண்ணெய விட்டு ஊறவெச்சு, வாய்ப் பக்கமிருந்து மரக்குச்சியால தள்ளுங்க. இரும்பு வேணாம், உள்ள கீறிரும்."

"அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றார் மிலிட்டரி. "ஆயில் ஊறட்டும்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்." ஆயில் அதற்கப்புறம்தான் விட்டார்.

ஒட்டடைக் குச்சியின் மூங்கில் சரியான பருமனில் இருந்தது. தலையில் கட்டியிருந்த துடைப்பத்தை அவிழ்த்துவிட்டு, வாய்ப் பக்கமிருந்து நிதானமாக அழுத்தினார். முதலில் அசையவில்லை. பிறகு 'க்ரீச்' என்று ஒரு சத்தம், அப்புறம் வழுக்கிக்கொண்டு போய், தோட்டா போடும் பக்கம் வழியாகப் பித்தளைப் பிரஷ் துணியோடு மேஜைமேல் விழுந்தது. டீப் பையன் கைதட்டினான். கேஷியர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "போன வாரம் காணாமப்போன என் கைத்துண்டு மாதிரி இருக்கே?" என்றார்.

மிலிட்டரி காதில் அது விழவில்லை. பதிவேட்டை எடுத்து, கீழே கோடு போட்டு, 'ஆயுதம் சுத்தம் செய்யப்பட்டது. குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மீசை பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. அட்டென்ஷனில் போய் மேனேஜரிடம் தோட்டாவைக் கேட்டார்.

மேனேஜர் சாவியைப் போட்டார். பாதி திரும்பியது. அதற்கு மேல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சுற்றி நின்ற எல்லாரும் சேர்ந்து நல்லாம்பட்டிப் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் கட்டிய கையை அவிழ்க்காமலே குனிந்து பூட்டின் முகத்தைப் படித்தார்.

"அலிகார்" என்றார். "இதுக்கு அந்தச் சுத்தியலையே எடுத்துக்கங்க தம்பி."