குணவானுக்கு ஒரு வார்த்தை

வாலே பேராண்டி, உக்காரு. காலையில நீ வாளியை எத்துன சத்தம் தெக்குத்தெரு வரைக்கும் கேட்டுச்சாம்லா? கேட்டா, "கோவம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது தாத்தா"ங்கே. நல்லாத்தாம்ல தெரியுது! பயிர்க்கடனுக்குப் போனப்போ பேங்க் மேனேஜர் உன்னைப் பொழுது சாயுற வரைக்கும் நிக்க வச்சாரு. அன்னைக்குக் கண்ணும் தெரிஞ்சுது, மண்ணும் தெரிஞ்சுது, கும்பிடக் கையும் தெரிஞ்சுது. இன்னைக்கும் பித்தளை வாளி பக்கத்துலயே இருக்க, பாத்து பிளாஸ்டிக் வாளியாத்தான எத்திருக்கே?

கோவம் இருக்க எடத்துலதான் குணம் இருக்கும்னு உங்காத்தா வேற வக்காலத்து வாங்குதா. அந்தக் கணக்குல இந்த ஊருக்கே பெரிய குணவான் நம்ம செவலைக் காளைதான்.

கொட்டிட்டா தீந்துரும்னுதான நெனைக்கே? உன் தங்கச்சி மனோதத்துவம் படிக்காள்லா, அவ சொன்னா. அமெரிக்காவுல புஷ்மன்னு ஒரு வாத்தியார். 600 காலேஜ் பிள்ளையள எழுதச் சொல்லி, அந்த எழுத்தை மட்டந்தட்டிக் கோவத்தைக் கிளப்பிவிட்டாராம். கொஞ்சப் பேரு, மட்டந்தட்டுனவன நெனச்சுக்கிட்டே மூட்டையில குத்தணும். கொஞ்சப் பேரு ஒடம்பு தேறணும்னு நெனச்சுக் குத்தணும். மிச்சப் பேரு சும்மா உக்காந்திருக்கணும். நெனச்சு நெனச்சுக் குத்துனவனுக்குத்தான் கோவம் கூடிப்போச்சாம். எதிராளியப் படுத்தி எடுத்ததும் அவந்தான். சும்மா இருந்தவன்தான் எல்லாரையும் விட அடங்கி இருந்திருக்கான். இது 2002-ல வந்த சேதி. பொறவு 2024-ல 154 ஆய்வச் சேத்துவச்சுப் பாத்தாலும், மொத்தத்துல ஒடம்பச் சூடாக்குத வேலை கோவத்தை எறக்கலையாம்; மூச்சை நிதானமா விடுத மாதிரி வேலைதான் எறக்குச்சாம். நீ என்னடான்னா காசு குடுத்து ஜிம்முல மூட்டை குத்தப் போறேங்கே.

இதுல, "எம்பொஞ்சாதிக்குக் கோவமே வராது"ன்னு பெருமை வேற! மடப்பயலே, நேத்து ராத்திரி சோத்துத் தட்டை வச்சாளே, அந்தச் சத்தம் உங்காதுல விழலையா? "கோவமா?"ன்னு கேட்டே. "இல்லையே"ன்னா. நீயும் நம்பிட்டு ரெண்டாம் தடவ கொழம்பு கேட்டே பாரு, அங்கதாம்ல நீ நிக்கே.

என்ன மொறைக்கே? இம்புட்டு நேரம் கேலி பண்ணுதேன், ஒரு சத்தம் போடலியே நீ. வயசுக்கு மரியாதைன்னு மட்டும் சொல்லிராத. மேலக்காட்டுப் பத்திரம் இன்னும் எம்பேர்லதான் கெடக்கு.