பாவும் ஊடையும் பூனையும்

பூனை இருக்கும் வீட்டில் பூனையைத் தேட வேண்டியதில்லை. சோபாவின் கைப்பிடியைப் பார்த்தால் போதும். உட்காருமிடம் கடையில் வாங்கிய கருக்கு அழியாமல் இருக்கும். கைப்பிடியின் வெளிப்பக்கம் மட்டும் நார்நாராகத் தொங்கும்.

கோவை சிங்காநல்லூரில் அப்படி ஒரு சோபா. அதன் சொந்தக்காரர் மில்லில் வீவிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். துணியைத் தொட்டே நூல் நம்பர் சொல்லக்கூடியவர், தன் வீட்டுச் சோபா விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிட்டார். தடித்த நூலில், இடைவெளி விட்டு நெய்த துணி. பூனை நகத்துக்கு அது தனியாகத் தறி போட்டு நெய்தது போல அமைந்துவிட்டது. நகம் உள்ளே மாட்டும். இழுத்தால் ஊடை மட்டும் சுருள் சுருளாக வெளியே வரும், பாவு அம்மணமாக நிற்கும். மழைநாளில் படியேறி வந்த தெருப்பூனை, இந்த நுணுக்கத்தை ஒரே வாரத்தில் கண்டுபிடித்தது.

மாஸ்டர் முதலில் மில் ஒழுங்குமுறையைக் கையாண்டார். இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, கீறும்போதெல்லாம் பீய்ச்சினார். பூனை நன்றாகவே பாடம் படித்தது. அதாவது, இந்த மனிதர் இருக்கும்போது கீறக்கூடாது. அவர் ரேஷன் கடைக்குக் கிளம்பி, கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் ஷிப்ட் ஆரம்பமாகும். தண்டித்தால் பூனைக்கு ஆள் மேல் பயம் வருமே தவிர, சோபா மேல் மரியாதை வராது.

"ஏனுங்க, தண்ணியடிச்சு என்னாகப் போவுது? சோபாதான் நனையுது" என்றார் வீட்டுக்கார அம்மா.

லிஃப்டில் சந்தித்த மேல்மாடிக்காரர் சுலபமான வழி சொன்னார்: "நகத்தையே மொத்தமா எடுத்துரலாமுங்களே!" மாஸ்டர் கால்நடை மருத்துவரிடம் போய் இதைக் கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்கிறது. நகத்தை எடுப்பதென்றால் அந்த எலும்பையே வெட்டுவது; மனிதருக்கென்றால் ஒவ்வொரு விரல் நுனியையும் கடைசிக் கணுவோடு வெட்டி எடுப்பது போல. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இது குற்றம். அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக 2019-இல் நியூயார்க் தடை செய்தது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் விலங்கை ஊனப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. மாஸ்டர் அன்றிலிருந்து லிஃப்டைத் தவிர்த்துப் படியில் ஏறினார். மேல்மாடிக்காரரைப் பார்த்தால் இன்னும் ஒரு யோசனை வந்துவிடுமோ என்ற அச்சம்.

கீறாமல் பூனையால் இருக்க முடியாது என்பதுதான் டாக்டர் சொன்னதில் முக்கியம். நகத்தின் பழைய மேலுறை கழன்று விழ வேண்டும். தூங்கி எழுந்த முதுகு நீள வேண்டும். பாதத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையைப் பதித்து, 'இது என் எல்லை' என்று எழுதிவைக்கவும் வேண்டும். முதுமலையில் புலி மரத்தில் நகம் பதித்தால் வனத்துறைக்காரர்கள் நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். சிங்காநல்லூரில் அதே குடும்பத்தார் அதே வேலையைச் செய்தால் செருப்பு பறக்கிறது.

ஆக, கீறுவதற்கு வேறு இடம் தர வேண்டும். ஆன்லைனில் ஒரு கம்பம் வந்தது. ஒன்றரை அடி உயரம், தொட்டால் ஆடும். ஹாலின் அழகு கெடக்கூடாதென்று அதைப் பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்தார்கள். பூனை, கம்பம் வந்த அட்டைப்பெட்டியை மட்டும் ஏற்றுக்கொண்டது. இதில் பூனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரும் வராத மூலையில் எவராவது எல்லைக்கல் நடுவார்களா?

மாஸ்டருக்கு இப்போது தொழில் ரோஷம் வந்துவிட்டது. சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். தென்னை நார்க் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. மரக்கடையில் மூன்றடிக் கட்டை அறுத்து வாங்கினார். பூனை பின்னங்காலில் நின்று முழுசாக நிமிர அவ்வளவு உயரம் வேண்டும். சாய்ந்தால் மறுபடி கிட்டே வராது என்பதால் அடியில் கனமான அகலப் பலகை. எண்ணெயோ சாயமோ படாத கயிற்றை இழை இழையாக நெருக்கிச் சுற்றினார். ஆணித்தலை ஒன்றுகூட வெளியே நீட்டவில்லை. வைத்த இடம், சோபாவின் கிழிந்த கைப்பிடிக்குப் பக்கத்தில், ஹால் நடுவில். கைப்பிடியில் இருபக்கமும் ஒட்டும் டேப். பாதம் பிசுபிசுப்பது பூனைக்கு ஆகாது.

எலுமிச்சை வாசனையும் பூனைக்குப் பிடிக்காதுதான். அதற்காக எலுமிச்சை எண்ணெயைச் சோபாவில் தெளிக்கக்கூடாது. பாதத்தில் பட்டு நக்கினால் விஷம். அம்மா வேறு பக்கமாக யோசித்தார். காலி மனையிலிருந்து குப்பைமேனியை வேரோடு பிடுங்கி, கழுவிக் கம்பத்தில் தேய்த்து, தின்ன விடாமல் வேரை எறிந்தார். பூனை முகர்ந்தது, கன்னத்தைத் தேய்த்தது, கீழே விழுந்து புரண்டது, பிறகு எழுந்து இரண்டு கையாலும் கம்பத்தைப் பிறாண்டியது. வீவிங் மாஸ்டர் கைதட்டினார். ஒரு துண்டு கருவாடும் பரிசாகக் கொடுக்கப் போனவரை, "உப்பு ஆகாதுங்க" என்று அம்மா தடுத்து, வேகவைத்த கோழித்துணுக்கு வைத்தார்.

நகம் வெட்டுவதும் பழக்கமாயிற்று. சாப்பிட்டுவிட்டுச் சொக்கும் நேரத்தில், விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே எட்டிப் பார்க்கும். கண்ணாடி போலத் தெரியும் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். உள்ளே தெரியும் இளஞ்சிவப்பில் ரத்தமும் நரம்பும் இருக்கின்றன. மொத்தம் 18 நகம். ஒரே மூச்சில் முடிக்கப் போனவரின் முன்னங்கையைப் பார்த்தால் ஏன் தவணை முறை நல்லது என்று தெரியும்.

இப்போது கம்பம் கந்தலாகிவிட்டது. மகள் புதிதாக வாங்கித் தருகிறேன் என்றாள். அம்மா விடவில்லை. வாசனை ஊறிய கம்பத்தைத் தூக்கினால் பூனை பழையபடி சோபாவுக்கு வந்துவிடும். கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுக்கயிறு சுற்றுவதென்று முடிவாகி, மாஸ்டர் பொள்ளாச்சி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

"ஏனுங்க, வர்றப்பப் பத்து தேங்காயும் போட்டுக்கிட்டு வந்துருங்க" என்று வாசலில் இருந்து குரல் வந்தது. "நாரு அதுக்கு மட்டுந்தானா, நமக்குச் சட்னி வேண்டாமா?"