மருமவனே, கூட்டாளி தேடுதியாக்கும்?

ஏ மருமவனே, டிரஸ்ட் பதிவு பண்ணிட்டியாம்லா, சந்தோசம். இப்ப கூட்டுச் சேர ஆள் தேடுதியாக்கும். எங்கிட்ட கேட்டா சுளுவா வழி சொல்லுதேன்: எவன் பெரிய பேனரோட வாரானோ அவனையே பிடிச்சுக்கோ. காரியம் நடக்குதோ இல்லையோ, போட்டோ நல்லா விழும்.

குத்தாலத்துல சீசன் பாத்திருக்கேல்லா? சாரல் விழுந்துட்டா ஐந்தருவியில நிக்க எடங் கெடையாது. எண்ணெய் தேச்சு, குளிச்சு, பார்டர் கடையில புரோட்டா தின்னுட்டு அம்புட்டுப் பேரும் நம்ம ஊர்க்காரன் மாதிரியே பேசுவான். பாறை காஞ்சு கெடக்கும்போது வந்து பாரு, கொரங்குதான் உன்னைய விசாரிக்கும். டிரஸ்ட்டைத் தேடி வாரவுகள்ல பாதிப் பேரு அந்த ரகந்தான்.

சந்தேகமா இருந்தா ஆய்க்குடிக்குப் போயிட்டு வா. கடற்படைத் தேர்வுக்குப் போன எடத்துல விழுந்து, கழுத்துக்குக் கீழ அசைவு இல்லாமப் போன எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல அங்க அமர் சேவா சங்கத்தை ஆரம்பிச்சாரு. அந்த 'அமர்' யாருன்னு நெனச்ச? அவருக்கு வைத்தியம் பாத்த விமானப்படை டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். துட்டு குடுத்தவரு பேரு இல்ல, கவனிச்சுக்கோ. பெறவு கூடச் சேந்த எஸ்.சங்கர ராமன் ஆடிட்டரு. தசைச் சிதைவு நோயால அவருக்கும் சக்கர நாற்காலிதான். கணக்குந் தெரியும், கஷ்டமுந் தெரியும், ரெண்டும் ஒரே ஆளு! கனடாவுல ஹேண்டி-கேர் இன்டர்நேஷனல் கை குடுத்தது, ஊழியருங்க வீடு வீடாப் போயி பிள்ளைகளுக்குப் பயிற்சி குடுக்க 'எனேபிளிங் இன்க்ளூஷன்' செயலி வந்தது எல்லாம் பெறவு நடந்த கதை. நீ மொத மாசமே கனடாவைத் தேடுத.

சட்டமும் சும்மா இருக்கல. 2013 கம்பெனிச் சட்டத்துல, பெரிய கம்பெனி மூணு வருசச் சராசரி லாபத்துல 2 சதவீதம் நல்ல காரியத்துக்குச் செலவழிக்கணும்னு வந்துச்சு. ஒடனே எல்லாருக்கும் ஏழைபாழை மேல பாசம் பொங்கிருச்சு. 2020-ல வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, அந்தத் துட்டை ஒரு சங்கம் இன்னொரு சங்கத்துக்குக் கைமாத்தப்படாதுன்னுட்டாவ. பெரிய சங்கத்து நெழல்ல ஒதுங்கி நின்ன சின்னச் சங்கத்துக்கு அந்த வழியும் அடைபட்டுது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்துல இருந்து 20-க்கு எறங்கிட்டு. அதனால இப்ப ஆளு எப்படின்னு விசாரிக்கிறதுக்கு முந்தி வருமான வரிச் சலுகைக்கான 12ஏ பதிவு இருக்கா, 80ஜி இருக்கான்னுதான் பாக்காவ.

ஒருத்தன் ஒப்பந்தத்தை நீட்டுனா ஒண்ணே ஒண்ணு கேளு: திட்டம் முடிஞ்ச மறுமாசம் பிசியோதெரபி குடுக்குத பிள்ளைக்குச் சம்பளம் யாரு குடுப்பா? அதுக்குப் பதில் சொல்லாம, லோகோவை எந்தப் பக்கம் போடுவியன்னு கேட்டான்னா, ஒரு காப்பி வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டுரு.

அது கெடக்கட்டும், கம்பெனிக்காரன் குடுக்குத அந்த 2 சதவீதத் துட்டை வாங்க சி.எஸ்.ஆர்-1 பதிவு போட்டியா இல்லையா? 2021 ஏப்ரல்ல இருந்து அந்த நம்பர் இல்லாம எந்தக் கம்பெனியும் அந்தக் கணக்குல உனக்கு ஒத்த ரூவா தராது.